வயதை முந்திய மதி

(ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படிப்பு ஏறாத பிள்ளைக்கு ஆசிரியரின் பரிவு வேண்டும் என்று சொன்னால் அதை மறுப்பவர் இந்தச் சபையில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆனால் வகுப்பையே பின்னால் விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைக்கும் அதே பரிவு, சில சமயம் அதற்கும் கூடுதலான பரிவு, வேண்டியிருக்கிறது என்று சொன்னால், பண்ணையார் வீட்டுக்கு ரேஷன் அரிசி கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'அவனுக்கு என்ன குறைச்சல்?' என்பதே அந்தப் பார்வைக்குப் பொருள். மீத்திறன் மாணவர்களின் மனோதத்துவம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்; தலைப்பு பெரிது, நான் எடுத்துக்கொள்ளப்போவது அதில் ஒரு சிறு பகுதி. புத்தியில் வயதை மிஞ்சிய குழந்தை, அழுகையிலும் பயத்திலும் விளையாட்டு ஆசையிலும் தன் பிராயத்திலேயே நின்றுகொண்டிருக்க, அதனைச் சூழ்ந்த பெரியவர்கள் புத்தியை மட்டும் கண்டு குழந்தையைக் காணாது போவதால் விளைகிற துன்பமே அப்பகுதி.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை அப்புறப்படுத்திவிட வேண்டும். மேதைமைக்கும் சித்தப்பிரமைக்கும் உறவுண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் லொம்ப்ரோஸோ என்ற இத்தாலிய வைத்தியர் எழுதிப் பிரசித்தியடைந்தார். நம் பாட்டிமார் அவரைப் படிக்காமலே, அதிகமாகப் படிக்கிற பிள்ளைக்கு மூளை கலங்கிவிடும் என்று அஞ்சி விளக்கை அணைத்துவந்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க முனைந்தவர் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன். 1921-இல் தொடங்கி, நுண்ணறிவு ஈவு பெரும்பாலும் 140-க்கு மேற்பட்டிருந்த 1500-க்கும் அதிகமான சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து, மணந்து, உத்தியோகம் பார்த்து, முதுமையடையும் வரையில் பின்தொடர்ந்த அந்த ஆராய்ச்சி, டெர்மன் 1956-இல் காலமான பின்பும் மற்றவர்களால் தொடர்ந்து நடத்தப்பட்டது. அக்குழந்தைகள் நோஞ்சான்களும் அல்லர், கிறுக்கர்களும் அல்லர். சராசரிக் குழந்தையைக் காட்டிலும் சற்று ஆரோக்கியமானவர்களாகவும் ஸ்திரமான மனமுடையவர்களாகவுமே காணப்பட்டார்கள்.

டெர்மனை நான் முழு மனத்தோடு போற்றவில்லை. மெக்ஸிக்கோக் குடும்பங்களையும் கறுப்பின மக்களையும் பிறவியிலேயே புத்தி குறைந்தவர்களாகக் கருதிய கொள்கையில் ஊறியவர் அவர். அவருடைய சல்லடையில் நிற்காமல் விழுந்த இரு சிறுவர்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பின்னாளில் முறையே 1956-லும் 1968-லும் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார்கள். பொறுக்கியெடுத்த ஆயிரத்தைந்நூறு பேரில் ஒருவருக்கும் அது கிட்டவில்லை. எனினும் ஆசிரியர்களாகிய நமக்கு அவர் கண்ட ஓர் உண்மை, கசப்பானாலும், விழுங்கத்தக்கது. வகுப்பில் மிகுந்த புத்திசாலி யார் என்று ஆசிரியரைக் கேட்டு அறிவதைவிட, வகுப்பில் வயதிற் சிறியவர் யார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து அறிவது அதிகப் பலன் தந்தது என்கிறார். ஆசிரியர்கள் பெரும்பாலும் வயது மூத்த பிள்ளையையே, அவன் ஒன்றிரண்டு வருஷம் கூடுதலாக இவ்வுலகில் இருந்தவன் என்பதை மறந்து, சுட்டிக்காட்டினார்களாம். நம்மில் யார் இதைச் செய்யாதவர்?

ஆனால் ஆயிரத்தைந்நூறு பேரின் சராசரி, அவர்களுள் உச்சியில் நிற்கும் ஐந்து பத்துப் பேரின் கதையைச் சொல்லாது. அதைச் சொன்னவர் ஒரு பெண்மணி. லீட்டா ஹாலிங்வர்த் 1886-இல் நெப்ராஸ்காவின் புல்வெளி நாட்டில் பிறந்து, சிறு குழந்தையாக இருக்கையிலேயே தாயை இழந்து, பதினாறாம் வயதில் சர்வகலாசாலையில் நுழைந்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, கணவரோடு நியூயார்க்குக்கு வந்தபோது, மணமான பெண்ணுக்கு அந்நகரப் பள்ளிகளில் வேலை கிடையாது என்ற விதியினால் வீட்டில் சும்மா உட்கார நேர்ந்தவர். பின்பு படித்துப் பட்டம் பெற்று, கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியையானார். மந்தபுத்தியுள்ளவர்களைப் பரிசோதிப்பதே அவருடைய ஆரம்பத் தொழில். 1916-இல், தம் மாணாக்கர்களுக்கு வித்தியாசம் விளங்கட்டும் என்பதற்காக, நல்ல புத்திசாலியென்று பெயரெடுத்த ஒரு பையனை வகுப்புக்கு வரவழைத்து எல்லார் முன்னிலையிலும் பரீட்சித்தார். எட்டு வயதுப் பையன். ஈவு 187 என்று வந்தது. 'குழந்தை ஈ' என்று மட்டும் தம் குறிப்புகளில் அவர் பெயரிட்ட அச்சிறுவனை அன்றிலிருந்து ஆயுள் முழுவதும் கவனித்துவந்தார். 180-க்கு மேற்பட்ட ஈவுடையவர்களாக இருபதாண்டுக்கு மேற்பட்ட தேடலில் அவர் கண்டது 12 குழந்தைகளையே. 1939-இல் அவர் காலமானார். அவர் பாதியில் விட்ட நூலைக் கணவர் நிறைவுசெய்து 1942-இல் வெளியிட்டார்.

அந்நூலில் என்னைப் பிடித்து நிறுத்துவது விளையாட்டைப் பற்றிய பகுதியே. மனவயது பதினொன்று பன்னிரண்டாகிவிட்ட ஆறு வயதுப் பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாடப் போகிறது. வெறுமே ஓடிப் பிடிப்பது அதற்குப் போதாது. விதிகள் வேண்டும், திட்டம் வேண்டும், கடைசியில் வெற்றி தோல்வி தெரிய வேண்டும். மற்றப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விதிகளை எடுத்துரைக்கிறது. அவையோ சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிதறி ஓடிவிடுகின்றன. சரி, பெரிய பிள்ளைகளிடம் போகலாம் என்று போனால், அங்கே இதன் கை எட்டாது, எறிந்த பந்து பாதி தூரம் போகாது. 'போடா பொடிப்பயலே' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இப்படி இரு பக்கத்திலும் இடங்கிடைக்காத பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறது. பெற்றோர் அதைப் பார்த்து, எங்கள் பிள்ளைக்கு விளையாட்டிலேயே நாட்டமில்லை, சதா வாசிப்புத்தான் என்று விருந்தாளிகளிடம் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். நாலு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் நடுவில் இந்த இடர்ப்பாடு மிகக் கடுமையாக இருப்பதாகவும், வயது ஏற ஏற அறிவொத்தவர்களின் சகவாசம் கிடைக்க வழியேற்பட்டு அது தளர்வதாகவும் ஹாலிங்வர்த் கண்டார். ஈவு 125-க்கும் 155-க்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு இது அவ்வளவாக இல்லை. அவர்கள் சகபாடிகளுக்குத் தலைவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். தலைவன் பேசுவது கூட்டத்துக்குப் புரிய வேண்டுமல்லவா? அதற்கும் மேலே போகும்போதுதான் பேச்சு எட்டாமற் போகிறது.

ஈவு 140 உள்ள பிள்ளைக்குப் பள்ளி நேரத்தில் பாதி வீண், 170-க்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கிட்டத்தட்ட முழுவதும் வீண் என்றும் அவர் எழுதினார். வீணாகும் நேரத்தில் பிள்ளை என்ன செய்யும்? பகற்கனவு காணும், சேஷ்டை செய்யும், கரும்பலகையில் நாம் எழுதிய பிழையைச் சுட்டிக்காட்டி 'அதிகப்பிரசங்கி' என்று பட்டம் வாங்கும். இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். பெரிய கேடு வேறு: சிரமப்படாமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம் என்று அது கற்றுக்கொண்டுவிடுகிறது, பத்து வருஷம் அப்படி வாங்கிவிட்டு, முதன்முதலாக உண்மையிலேயே கடினமான ஒரு பாடம் குறுக்கே வந்து நிற்கும் நாளில், முயற்சி என்பதே இன்னதென்று அறியாமல் திகைத்து உட்கார்ந்துவிடுகிறது. இதோடு இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். நாம் எங்கிருந்து வந்தோம், செத்தபின் எங்கே போகிறோம், கெட்டவனைக் கடவுள் ஏன் விட்டுவைத்தார் என்ற கேள்விகள் இவர்களுக்கு ஐந்தாறு வயதிலேயே எழுகின்றன. கேட்பது பன்னிரண்டு வயதுப் புத்தி, விடை தெரியாமல் இரவில் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு விசும்புவதோ ஆறு வயதுக் குழந்தை.

அவர் வெறுமே எழுதிவிட்டுப் போனவர் அல்லர். 1936-இல் நியூயார்க்கின் ஸ்பேயர் பள்ளியில், நகரக் கல்வி வாரியத்தோடு சேர்ந்து, ஈவு 130-க்கு மேற்பட்ட ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கென இரு வகுப்புகளைத் தொடங்கினார். அதே கட்டடத்தில் படிப்பில் மெதுவான பிள்ளைகளுக்கும் தனி வகுப்புகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். மேல்வகுப்புப் பாடத்தைக் கீழே இறக்கி ஊட்டுவதை அவர் விரும்பவில்லை. அரை நாளில் வழக்கமான பாடங்களை முடித்துவிட்டு, மீதி நேரத்தில் உணவு, உடை, வீடு, விளக்கு, போக்குவரத்து ஆகிய சாதாரணப் பொருள்கள் மனிதன் கையில் எப்படி வளர்ந்துவந்தன என்று குழந்தைகளே தேடி, கூடிப் பேசி, ஒருவரையொருவர் மறுத்து அறியும்படி செய்தார். மூடர்களைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதும் ஒரு பாடம் என்பது அவருடைய உறுதியான கருத்து. தன்னைவிட மெதுவாகச் சிந்திப்பவனை இளக்காரமாகப் பார்க்கும் பழக்கம் சிறு வயதில் படிந்துவிட்டால், அது பிற்காலத்தில் அந்த மேதையையே தனிமைக்குள் தள்ளிவிடும் என்று அவர் அஞ்சினார்.

இப்போது 1909-ஆம் ஆண்டின் ஹார்வர்டுக்கு வருவோம். அந்த ஆண்டில் அங்கே இரண்டு சிறுவர்கள் ஒரே சமயத்தில் நுழைந்தார்கள். நார்பெர்ட் வீனர், டஃப்ட்ஸ் கல்லூரியில் பதினான்கு வயதில் பட்டம் முடித்து மேற்படிப்புக்கு வந்தவன். வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ், பதினொரு வயதில் நேராகவே கல்லூரியில் சேர்ந்தவன். இருவருடைய தந்தையரும் ருஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதர்கள். இருவரும் பிரசித்தியான அறிஞர்கள். இருவரும் தத்தம் பிள்ளை பிறவி மேதை அல்லன், தங்கள் பயிற்சியினால் ஆனவன் என்று பகிரங்கமாகச் சொன்னவர்கள்.

வீனரின் தகப்பனார் லியோ வீனர் ஹார்வர்டில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியர். வீட்டில் அவர் மகனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த விதத்தை மகன் பிற்காலத்தில் 1953-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் வர்ணித்திருக்கிறார். ஆரம்பத்தில் அப்பாவின் குரல் மென்மையாக, சம்பாஷணை போல இருக்கும். முதல் தவறு வரும்வரையில்தான் அந்த மென்மை. தவறு வந்த கணத்தில் அன்பான தகப்பனார் மறைந்து, பழிவாங்க வந்தவர் அவ்விடத்தில் நிற்பார். அப்பா சீறுவார், பிள்ளை அழும், அம்மா குறுக்கே வந்து காப்பாற்றப் பார்ப்பாள். பாடம் குடும்பச் சண்டையாக முடியும். எட்டு வயதில் கண்பார்வை கெடத் தொடங்கியதால் ஆறு மாதம் எதையும் வாசிக்கக் கூடாதென்று வைத்தியர் தடுத்தபோதும் பாடம் நிற்கவில்லை; காதால் கேட்டு மனத்துக்குள்ளேயே கணக்குப் போட வேண்டியிருந்தது. 1911-இல் ஒரு பத்திரிகையில், தம் பிள்ளைகளுக்கு விசேஷமான திறமை ஏதுமில்லை, பயிற்சியின் சிறப்பே எல்லாம் என்று அந்தத் தகப்பனார் சொல்லியிருந்ததைப் பதினாறு பதினேழு வயது மகன் படிக்க நேர்ந்தது. ஜெயித்தால் அது அப்பாவின் ஜெயம், தோற்றால் மட்டும் அது தன் தோல்வி என்று அவன் புரிந்துகொண்டான். பதினெட்டாம் வயதில் டாக்டர் பட்டம் பெற்று, பிற்காலத்தில் சைபர்நெட்டிக்ஸ் என்ற புதுத் துறையை நிறுவி, உலகப் புகழ் பெற்ற பின்பும், மனச்சோர்வும் தன்மீதே நம்பிக்கையின்மையும் அவரை விட்டு நீங்கவில்லை. பிள்ளையின் வெற்றியைத் தம் பெயரில் வரவு வைத்துக்கொள்ளும் பெற்றோர் நம் ஊரில் இல்லை என்று யாராவது சொன்னால், பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் பத்திரிகைக்காரர் வந்து நிற்கும் ஏதேனும் ஒரு வாசலுக்கு அவரை அழைத்துப் போகலாம்.

சிடிஸின் கதை இதைவிட வேதனையானது. அவனுடைய தந்தை போரிஸ் சிடிஸே ஒரு மனோதத்துவ அறிஞர் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. 1910 ஜனவரியில், பதினொரு வயதில், ஹார்வர்டு கணிதச் சங்கத்தில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி அவன் பேசினான்; கேட்டவர்களுள் ஒருவராகிய வீனர், அப்பேச்சு எந்த வயது மேற்படிப்பு மாணவனுக்கும் பெருமை தரத்தக்கது என்று பின்னால் எழுதினார். மறுநாளிலிருந்து பத்திரிகைகள் அவனை விடவில்லை. பதினாறாம் வயதில் பட்டம் பெற்று, ஹூஸ்டனில் சிறிது காலம் கணிதம் போதித்துவிட்டு விலகி, 1919-இல் பாஸ்டனில் மே தின ஊர்வலத்தில் கைதாகி, பெற்றோரை விட்டு ஒதுங்கி, பின்பு கணக்கு இயந்திரத்தின் முன் உட்காரும் குமாஸ்தா வேலைகளைத் தேடி, அங்கே தன் பழைய பெயர் தெரிந்துவிட்டால் அதையும் விட்டு, ஊர் ஊராக மறைந்து வாழ்ந்தான். டிராம் வண்டியில் கொடுக்கும் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்து, அவற்றைப் பற்றிப் புனைபெயரில் 1926-இல் ஒரு புத்தகமே வெளியிட்டான். 1937-இல் நியூ யார்க்கர் பத்திரிகை அவனைத் தேடிப் பிடித்து, அவனுடைய அறையையும் பேச்சையும் பரிகாசமாக வர்ணித்துக் கட்டுரை வெளியிட்டது. வழக்குத் தொடுத்தான், கட்டுரை இரக்கமற்றது என்று ஒப்புக்கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருகாலத்தில் பொது மனிதனாக இருந்தவனைப் பற்றி அறிய ஜனங்களுக்கு ஆர்வமிருப்பது நியாயமே என்று 1940-இல் தீர்ப்பளித்தது. பொது மனிதனாக இருக்க அவன் சம்மதித்தது எப்போது? 1944-இல், 46-ஆம் வயதில், மூளையில் இரத்தம் கசிந்து அவன் இறந்தான். அவனைத் தோற்றவன் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில், அவன் விரும்பிக் கேட்ட ஒரே பொருள் தனியாக இருக்க விடுவது, அதைக் கொடுக்க மறுத்தவர்கள் மற்றவர்கள்.

அக்காலத்து ஹார்வர்டில் இவர்களைப் போன்ற சிறு வயது மாணவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். மற்ற மூவருள் அடால்ஃப் பெர்லி பிற்காலத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் ஆலோசகர் குழுவில் இடம்பெற்றார். ரோஜர் செஷன்ஸ் புகழ்பெற்ற இசையமைப்பாளரானார். ஹௌட்டன் என்ற இளைஞர் படிப்பை முடிக்குமுன்னரே நோயால் மாண்டார். இந்த ஐவரையும் ஒரு சங்கமாகச் சேர்க்கத் தாம் முயன்றதாகவும், ஒருவரோடொருவர் ஒட்டாததால் அம்முயற்சி நகைப்புக்கிடமாக முடிந்ததாகவும் வீனர் எழுதுகிறார். ஈவைப் பார்த்து ஒரே அறையில் அடைத்துவிட்டால் சிநேகம் பிறந்துவிடும் என்று நம்புகிற நவீன உறைவிடப் பள்ளி நிர்வாகிகள் இதைப் படிக்க வேண்டும். ஹாலிங்வர்த்தின் வகுப்பில் சிநேகம் பிறந்ததென்றால், அங்கே கூடிச் செய்ய ஒரு வேலை இருந்தது.

புகழ்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1998-இல் கிளாடியா மியூல்லரும் கேரல் ட்வெக்கும் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்தவுடன் சிலரை 'நீ புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாகப் பாடுபட்டாய்' என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்ட குழந்தைகள் அடுத்த முறை எளிய புதிரையே விரும்பினார்கள். கடினமானதில் தோற்றபின் அவர்களுடைய ஆட்டம் முன்னிலும் மோசமாயிற்று. தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னவர்களும் அவர்களிலேயே அதிகம். புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்வதே குழந்தைக்கு முழுநேர உத்தியோகமாகிவிடுகிறது.

இத்தனை துயரக் கதைகளுக்குப் பின் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1975-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்த டெரன்ஸ் டாவை, எழுத்தும் கணக்கும் தானே கற்றுக்கொண்டுவிட்டான் என்பதற்காக மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்தார்கள். சில வாரங்களில் பெற்றோருக்கு விஷயம் விளங்கிவிட்டது: பாடம் அவனுக்குப் போதும், ஆனால் பெரிய பிள்ளைகளுக்கிடையே நாள் முழுவதும் உட்கார அவன் தயாராக இல்லை. உடனே வெளியே எடுத்து, ஐந்து வயதில் மறுபடி சேர்த்தார்கள். ஊர் சிரிக்குமே என்று அவர்கள் அஞ்சவில்லை. அதன்பின் பள்ளிகளோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: கணிதத்துக்கு மேல் வகுப்பில், வேறு பாடத்துக்கு வேறு வகுப்பில், ஒவ்வொன்றிலும் அவனுக்கு எது பொருந்துமோ அங்கே. எட்டு வயதில் அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் 800-க்கு 760 வாங்கியவனைக் கல்லூரிக்கு அனுப்பிப் பத்திரிகையில் படம் போட்டிருக்கலாம். அவனோ பதினான்கு வயதில்தான் முழுநேர மாணவனாகச் சர்வகலாசாலையில் சேர்ந்தான். கணித உலகின் மிகப் பெரிய கௌரவமாகிய ஃபீல்ட்ஸ் பதக்கம் 2006-இல் அவருக்குக் கிடைத்தது. அதே ஆஸ்திரேலியாவில் ஈவு 160-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த மிராகா கிராஸ், வயதுக்கேற்ற வகுப்பிலேயே கட்டிப்போடப்பட்டவர்களே தனிமையில் வாடினார்கள், தாராளமாக மேலே போகவிடப்பட்டவர்கள் சிநேகிதர்களோடு நன்றாயிருந்தார்கள் என்று கண்டார். பள்ளிக்கு வருமுன்பே சரளமாக வாசித்த பிள்ளைகளில் சிலர், வகுப்பில் மற்ற எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை என்று கண்டதும், தமக்கும் தெரியாதது போல நடந்துகொண்டார்கள் என்று அவர் எழுதியிருப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இராமானுஜனின் பெயரை இவ்வளவு நேரம் சொல்லாமல் இருக்கிறேனே என்று சிலர் நினைக்கலாம். அவருடைய கணிதத்தைப் பற்றிப் பேச வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். 1905-இல் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியின் உபகாரச் சம்பளத்தை இழந்து, யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போன அந்தப் பதினேழு வயதுப் பையனின் அவமானத்தைப் பற்றி ஏறக்குறைய எவரும் பேசுவதில்லை. அவன் கணக்கில் தேர்ந்தவன் என்பது அக்கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆசிரியர்களாகிய உங்களிடம் நான் பெரிய திட்டம் எதையும் கேட்கவில்லை. தனிப்பள்ளியும் வேண்டாம், விசேஷ நிதியும் வேண்டாம். உங்கள் பள்ளியில் கால அட்டவணை எழுதுகிறபோது எல்லா வகுப்புகளுக்கும் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் வையுங்கள். அப்படி வைத்துவிட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அந்த ஒரு மணி நேரம் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு, விளையாட்டு மணி அடிக்கையில் தன் வயதுப் பிள்ளைகளிடம் திரும்பிவிடலாம். ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளையை மேடையேற்றி, பெரிய பெரிய எண்களைப் பெருக்கச் சொல்லிக் காட்டாதீர்கள். வருகிற ஜூன் மாதத்து அட்டவணையிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்று தலைமையாசிரியர்களை இம்மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.